பட்டினி டயற்றில் இருக்கும் பிள்ளையைச் சாப்பாட்டுக்குத் திருப்ப எந்த வழி?

கலியாணத்துக்கு நாள் வைத்த வீட்டில் பொம்பிளை திடீரென்று சோற்றைத் தொடாமல் விடுகிறாள். காலையில் தேசிக்காய்த் தண்ணீர், மத்தியானம் ஒரு வெள்ளரிக்காய், இரவில் ஒன்றுமில்லை. கேட்டால் "டயற்" என்கிறாள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று எங்கள் வன்னிப் பக்கங்களில் இது இப்போது புதினமான செய்தி அல்ல. கலியாணம்தான் காரணம் என்றும் இல்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த மாமி எல்லாருக்கும் முன்னால் "என்ன பிள்ளை, நல்லா உடம்பு வைச்சிட்டாய்" என்று சொன்ன ஒரு சொல் போதும். யூரியூப்பில் பார்த்த "ஏழு நாளில் ஏழு கிலோ" காணொளி போதும்.

இப்படி ஒருவர் இருக்கிற வீட்டில் மற்றவர்கள் என்ன செய்வது? என் தங்கச்சியின் விடயத்தில் எங்கள் வீட்டிலேயே ஆளுக்கொரு பதில் வந்தது. அதட்டிச் சாப்பிட வைக்க வேண்டும் என்றார் அம்மா. அவள் பாட்டில் விடுங்கோ, பசித்தால் சாப்பிடுவாள் என்றார் அப்பா. இதைவிட நல்ல டயற் இருக்கிறது, புரத மா கரைத்துக் குடிக்கலாம் என்றான் தம்பி. கலோரி கணக்குப் பார்த்து அட்டவணை போடலாம் என்றாள் மச்சாள். வீட்டுச் சமையலையே மாற்றினால் என்ன என்று நான் கேட்டேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முழு வீட்டின் பானையையும் சாப்பாட்டு நேரத்தையும் மாற்றுவதுதான் நிலைக்கும் வழி. கிளினிக் அதற்குப் பக்கத்துணை. மற்ற நான்கிலும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்றிரண்டு விடயங்கள் உண்டு, ஆனால் தனியாக அவை எதுவும் போதாது.

வீடா, ஆஸ்பத்திரியா?

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு விடயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எழும்பும்போது தலை சுற்றி விழுகிறாள், நெஞ்சு படபடக்கிறது, மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை, சாப்பிட்ட கையோடு போய்ச் சத்தி எடுக்கிறாள், வயிற்றாலே போகக் குளிசை போடுகிறாள். இவற்றில் ஒன்று இருந்தாலும் சமையல் பற்றிப் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டும். மயங்கி விழுந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். சாப்பாடும் உடம்பும் பற்றிய பயம் மனத்தை முழுதாகப் பிடித்துவிட்டது என்று தெரிந்தால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926 இருக்கிறது. மாவட்ட ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவும் இருக்கிறது. அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். 5 நாளுக்கு மேல் கிட்டத்தட்ட ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தவருக்கு ஒரேயடியாக வயிறு நிறையச் சோறு கொடுப்பதும் ஆபத்து. மாப்பொருள் சடுதியாக உள்ளே போகும்போது இரத்தத்தில் பொசுபேற்று, பொற்றாசியம் போன்ற தாதுப்பொருட்களின் அளவு விழுந்து இதயத்தைப் பாதிக்கலாம். அப்படிப்பட்டவருக்குச் சாப்பாட்டைத் திரும்பத் தொடங்குவது வைத்தியரின் கண் முன்னால் நடக்க வேண்டிய வேலை. அதேபோல, சலரோகத்துக்குக் குளிசையோ இன்சுலினோ எடுக்கிற அம்மா, அப்பாமார் டயற் தொடங்கினால் அதை வேறு கணக்கில் பார்க்க வேண்டும். சாப்பாட்டை வெட்டிவிட்டு மருந்தை வழமைபோல எடுத்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

இவை ஒன்றும் இல்லை, பிள்ளை சோர்ந்திருக்கிறாள், எரிச்சல்படுகிறாள், ஆனால் நடமாடுகிறாள் என்றால் வீட்டில் வைத்துத் திருப்பலாம்.

ஏன் அந்த முதல் வாரம் ஏமாற்றுகிறது

வீட்டில் உள்ளவர்களுக்கும் அவளுக்கும் சேர்த்து ஒரு உண்மை தெரிந்தால் பாதிச் சண்டை குறையும். தசையிலும் ஈரலிலும் நாங்கள் சாப்பிட்ட மாப்பொருளில் ஏறத்தாழ அரைக் கிலோ சேமிப்பாக இருக்கிறது. அதில் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சோற்றை நிறுத்தினதும் முதலில் கரைவது இதுதான். தராசு ஒரு வாரத்தில் இரண்டு கிலோ குறைவாகக் காட்டும். அதில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு கலியாண வீட்டில் வழமைபோலச் சாப்பிட்டதும் அது திரும்பி வந்துவிடும். பிள்ளை அதைத் தன் மனவுறுதி இல்லாமையென்று நினைத்து இன்னும் கடுமையாகப் பட்டினி கிடப்பாள். அப்புறம் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையத் தொடங்கும். விரைவாக மெலிகிறவர்களுக்குப் பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பும் கூடும்.

பசி எப்படி மனத்தைப் பிடிக்கிறது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு உண்டு. 1945 இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பவர் ஆரோக்கியமான 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, 24 வாரங்கள் அரைப் பட்டினியில் வைத்துப் பார்த்தார். ஒரு நாளைக்குச் சுமார் 1,600 கலோரி கொடுத்தார்கள். அந்த இளைஞர்கள் முழுநாளும் சாப்பாட்டைப் பற்றியே நினைத்தார்கள், சமையல் புத்தகம் வாசித்தார்கள், ஆட்களோடு பேசாமல் ஒதுங்கினார்கள், சின்ன விடயத்துக்கும் எரிந்து விழுந்தார்கள். பட்டினி முடிந்த பிறகும் சிலர் வயிறு நிறைந்தும் அடங்காமல் சாப்பிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் தேசிக்காய்த் தண்ணீரிலும் வெள்ளரிக்காயிலும் கழிக்கிற நாளில் அதில் பாதி கலோரிகூட இருக்காது. 800 கலோரிக்குக் குறைவான டயற்றை வைத்தியக் கண்காணிப்பில்லாமல் செய்யக்கூடாது என்பது பொதுவான மருத்துவ விதி. ஆகவே அவள் இரவு பன்னிரண்டு மணிக்கு எழும்பிப் பிஸ்கற் பெட்டியை முடித்தால் அது கெட்ட பழக்கம் இல்லை. உடம்பு தன்னைக் காப்பாற்றப் பார்க்கிறது.

கலியாணப் பொம்பிளைக்கு நான் முதலில் சொல்வது தலைமுடி பற்றித்தான். கடும் பட்டினி தொடங்கி இரண்டு, மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொட்டத் தொடங்கும். மூன்று மாதத்துக்கு முன் டயற் தொடங்கினால் சரியாக மணவறையில் இருக்கிற நாட்களில் சீப்பில் கொத்துக் கொத்தாக வரும். எந்த அறிவுரையும் ஏறாத இடத்தில் இது ஏறுகிறது.

அதட்டிச் சாப்பிட வைப்பது

வன்னியில் இந்த வழிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது; அதைப் புரிந்துகொள்ளாமல் அம்மாக்களைக் குறை சொல்லக்கூடாது. 2009 இன் முதல் மாதங்களில், போரின் கடைசிக் கட்டத்தில், புதுக்குடியிருப்பிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை ஒடுங்கிப்போன நிலத்தில், அரிசியும் உப்பும் தண்ணீரும் மட்டும் போட்ட கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் அவர்கள். தங்கள் பங்கைப் பிள்ளைக்கு ஊற்றிவிட்டு வெறும் வயிற்றோடு படுத்தவர்கள். ஒவ்வொரு மே மாதமும் அந்தக் கஞ்சியைக் காய்ச்சிச் சிரட்டையில் கொடுப்பது அதை மறக்கக்கூடாது என்பதற்காக. அந்தப் பசியை அறிந்த ஒருவருக்கு, வீட்டில் மூட்டையாக நெல் இருக்கும்போது பிள்ளை வேண்டுமென்று பட்டினி கிடப்பது நெஞ்சைப் பிளக்கிற விடயம். "ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போ பிள்ளை" என்று அவர் பின்னால் வருவது அதிகாரம் அல்ல, பயம். அன்றைக்கு ஏழெட்டு வயதில் அந்த வரிசையில் நின்ற பிள்ளைகளே இன்றைக்குக் கலியாண வயதில் நிற்கிறார்கள் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். பசி அவர்களுக்கும் புதிதல்ல.

ஆனாலும் அதட்டல் வேலை செய்வதில்லை. அதட்டினால் சாப்பாடு போட்டிப் பொருளாகிவிடும். சாப்பிட்டால் தான் தோற்றதாக அவள் நினைப்பாள். முன்னால் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை நாய்க்குப் போடுவாள், வேலையிடத்தில் சாப்பிட்டேன் என்று பொய் சொல்வாள். மிக மோசமானது, சாப்பிட்டதை வெளியே எடுக்கப் பழகிவிடுவாள். "அந்த நாளில் எங்களுக்கு இதுகூட இல்லை" என்று சொல்வதும் அவள் தலையில் குற்ற உணர்வைத்தான் ஏற்றும், பசியை ஏற்றாது. இந்த வழியிலிருந்து எடுக்க வேண்டியது அம்மாவின் அக்கறையை மட்டும். பின்னால் துரத்துகிற வேலையிலிருந்து அவரை விடுவித்து, பக்கத்தில் இருந்து சேர்ந்து சாப்பிடுகிற வேலையைக் கொடுக்க வேண்டும். ஒரே மேசையில், அல்லது ஒரே பாயில், அவள் தட்டைப் பார்க்காமல், அன்றைய கதைகளைப் பேசிக்கொண்டு. அம்மாவுக்கு இது மிகவும் கடினம். அவருக்கும் யாராவது ஆறுதலாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

அவள் பாட்டில் விடுவது என்ற அப்பாவின் வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதில் மரியாதை இருக்கிறது; துணை இல்லை. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைக்கு இந்த வழி கூடவே கூடாது. எலும்பு வளர்கிற வயதில் இழந்ததைப் பிறகு முழுமையாக நிரப்ப முடியாது.

ஒரு டயற்றுக்குப் பதில் இன்னொரு டயற்

மா கரைத்துக் குடிப்பது, சோறே இல்லாத கீற்றோ, எட்டு மணித்தியாலத்துக்குள் மட்டும் சாப்பிடுவது. இவற்றை விற்பவர்கள் வட்ஸ்அப் குழுக்களில் நிறைய. பட்டினியைவிட இவை மேல் என்பது உண்மைதான். ஏதாவது சத்து உள்ளே போகிறது. ஆனால் பெட்டி முடிந்ததும் என்ன? வீட்டில் காய்ச்சுகிற சோறும் கறியும் எப்படிச் சாப்பிடுவது என்று அந்த மா ஒருநாளும் சொல்லித்தராது. ஒரு பெட்டியின் விலைக்கு ஒரு குடும்பம் பல நாள் முட்டையும் பயறும் மீனும் வாங்கலாம் என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எங்கள் பகுதிக்கென்று தனியாக ஒரு எச்சரிக்கை. காரணம் சரியாகப் பிடிபடாத நாட்பட்ட சிறுநீரக நோய் அநுராதபுரம், பொலன்னறுவையோடு வவுனியாவின் பகுதிகளிலும் காணப்படுகிறது. ஆரம்பத்தில் அது எந்த அறிகுறியும் காட்டாது. சிறுநீரகம் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால் புரத மாவைக் கட்டுக்கட்டாகக் குடிப்பது நிலைமையை மோசமாக்கலாம். வயலில் வேலை செய்கிற ஆண்பிள்ளைகள் ஜிம்மில் சேர்ந்து இந்த மாவுக்குப் போகிறார்கள். தொடங்க முன்னர் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியற்றினின் அளவை இரத்தத்தில் பார்ப்பது பெரிய வேலை இல்லை. எங்கள் வெயிலில் தண்ணீரையும் குறைத்துக்கொண்டு "வயிறு ஒட்ட" முயல்வது இன்னும் முட்டாள்தனமான ஆபத்து.

இந்த இடத்தில் தேனைப் பற்றியும் சொல்ல வேண்டும். வன்னிக் காட்டுத் தேன் எங்கள் பெருமை. ஆனால் வெந்நீரில் தேன் விட்டுக் குடித்தால் கொழுப்பு கரையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஒரு மேசைக்கரண்டித் தேனில் 60 கலோரிக்கு மேல் இருக்கிறது. அது சீனியின் உறவுதான். ருசிக்குச் சாப்பிடுங்கள், மருந்தாக நினைக்க வேண்டாம்.

மச்சாள் சொன்ன கலோரிக் கணக்கு சிலருக்குப் பொருந்தும். கணக்கில் ஆர்வமுள்ள, சாப்பாட்டைப் பற்றிப் பயமில்லாத ஆண்கள், ஆஸ்பத்திரியில் நிறை குறைக்கச் சொன்ன அப்பாமார், இப்படியானவர்கள். பட்டினி டயற்றிலிருந்து வருகிறவருக்கு அது பொருந்தாது. ஏற்கெனவே எண்களில் சிக்கியிருக்கிற மனத்துக்கு இன்னும் எண்களைக் கொடுக்கிறோம். அதோடு ஒரே சட்டியில் காய்ச்சிய கத்தரிக்காய்ப் பால்கறியில் ஆளுக்கு எத்தனை கலோரி என்று எந்தச் செயலிக்கும் தெரியாது. அந்த வழியிலிருந்து ஒன்றை மட்டும் எடுக்கலாம்: உண்மையில் நிறை குறைக்க வேண்டுமா என்று ஒருமுறை பார்ப்பது. தெற்காசியர்களுக்கு உடற்திணிவுச் சுட்டி (BMI; கிலோவில் நிறையை மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 23 ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். பெண்களின் இடுப்பளவு 80 சென்ரிமீற்றரையும் ஆண்களின் இடுப்பளவு 90 சென்ரிமீற்றரையும் தாண்டக்கூடாது. 158 சென்ரிமீற்றர் உயரமும் 55 கிலோவும் உள்ள பிள்ளைக்குச் சுட்டி 22 தான். அவள் மெலிய வேண்டிய அவசியமே இல்லை. பட்டினி கிடக்கிற பலரின் கதை இதுதான்.

பானையை மாற்றுவது

இனி என் வழிக்கு வருகிறேன். அவளுக்கென்று தனிச் சாப்பாடு செய்யாமல், வீட்டில் எல்லாரும் சாப்பிடுகிறதையே மாற்றுவது.

எங்கள் வழமையான மத்தியானத் தட்டைப் பாருங்கள். நடுவில் மலைபோல் சோறு, ஓரத்தில் பருப்பு, ஒரு மீன் துண்டு, ஒரு கரண்டி வறை, சொதி. மரக்கறி ருசிக்குத்தான் இருக்கிறது, வயிற்றுக்கு இல்லை. வயலில் சூடு மிதித்தவர்களுக்கு அந்தச் சோறு தேவைப்பட்டது. கந்தோரிலோ கடையிலோ இருந்து வேலை செய்கிறவருக்கு அது கூட. மாற்றம் இவ்வளவுதான்: தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி சோறு, கால்வாசி மீன், முட்டை, பயறு, பருப்பு போன்ற புரதம். சோறு போகவில்லை என்பதுதான் இதில் முக்கியம். சோற்றைக் கண்டு பயப்படுகிற பிள்ளைக்கு, வீட்டில் எல்லார் தட்டிலும் அது அளவாக இருப்பதைப் பார்ப்பதே ஒரு நிம்மதி.

இதற்கு வேண்டியவை கொழும்பிலிருந்து வர வேண்டியதில்லை. முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி, பசளி, பயற்றங்காய், வெண்டிக்காய், பூசணிக்காய் எல்லாம் வளவிலோ சந்தையிலோ இருக்கின்றன. குளத்து ஜப்பான் மீனும் (திலாப்பியா) விராலும், முல்லைத்தீவுக் கரையிலிருந்து வருகிற சூடையும் விலையால் பயமுறுத்தாத புரதம். நெத்தலிக் கருவாட்டை நன்றாக ஊற வைத்துக் கழுவி உப்பைக் குறைத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பைத்தான் சொல்கிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதமும் 70 கலோரியும். நூறு கிராம் காய்ந்த பயற்றில் ஏறத்தாழ 24 கிராம் புரதம். பட்டினியில் இருந்த பெண்பிள்ளைகளுக்குக் குருதிச்சோகை இருக்க வாய்ப்பு அதிகம். கீரையோடு தேசிக்காய்ப்புளி சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உறிஞ்சப்படும், சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அது குறையும். தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிப் போடுங்கள்.

தேநீர் என்றதும் சீனி. ஆளுக்கு நாலு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி என்றால் நாளைக்கு எட்டுத் தேக்கரண்டி, ஏறத்தாழ 130 கலோரி, பசியையும் ஆற்றாமல். வீட்டில் எல்லாருக்கும் ஒன்றாகக் குறையுங்கள். முதல் வாரம் முகம் சுளிப்பார்கள், அப்புறம் பழகிவிடும். தேங்காய்ப்பாலை விடத் தேவையில்லை. முதற்பாலைக் குறைத்து இரண்டாம் பாலில் சொதி வைக்கலாம். கத்தரிக்காயைப் பொரித்துக் குழம்பு வைக்கிற நாட்களைக் குறைத்து, சும்மா வதக்கிச் செய்கிற நாட்களைக் கூட்டலாம்.

அரிசி பற்றிய ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற சிவப்பரிசிகள் நல்லவை. நார்ச்சத்துக் கூட, பசி மெதுவாக வரும். ஆனால் கலோரியில் வெள்ளைக்கும் சிவப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சிவப்பரிசியென்று நம்பி இரண்டு மடங்கு சாப்பிட்டால் ஒன்றும் மாறாது. அதேபோல வெள்ளையரிசி மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் அதற்காகக் கவலைப்படவும் வேண்டாம்.

இந்த வழியின் பெரிய பலம் அவளை நோயாளி ஆக்காமல் விடுவது. அவளுக்காக மாற்றினோம் என்று சொல்லவே தேவையில்லை. அப்பாவின் சீனிக்கு, அம்மாவின் பிரஷருக்கு என்று சொன்னாலும் உண்மைதான். அம்மாவுக்கு இரண்டு பானை வைக்கிற சிரமமும் இல்லை. செலவும் ஏறாது, சோடாவும் ரோல்ஸும் குறைகிற இடத்தில் முட்டையும் மீனும் வாங்குகிறோம்.

பலவீனமும் உண்டு. இது மெதுவான வழி. உண்மையில் நிறை குறைக்க வேண்டியவருக்கு வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் நல்லது, ஒரு கிலோவுக்கு மேல் போகக்கூடாது. பொறுமையில்லாத பிள்ளை இரண்டாம் வாரத்திலேயே பழைய காணொளிக்குத் திரும்பப் பார்ப்பாள். முதல் வாரங்களில் தராசு ஒரு கிலோ கூடக் காட்டவும் செய்யும்; இழந்த தண்ணீர் திரும்பி வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் அவள் உடைந்துபோவாள். இன்னொரு தடை வீட்டு ஆண்கள். "என்ன இது, மாட்டுக்குப் போடுற மாதிரி இலை" என்று ஒரு அண்ணா சொன்னால் எல்லாம் கெடும். அவர்களோடு முன்னமே பேசிவைக்க வேண்டும்.

எந்த நேரச் சாப்பாட்டிலிருந்து தொடங்குவது

மூன்று நேரத்தையும் ஒரே நாளில் திருத்தப் போக வேண்டாம். இரவிலிருந்து தொடங்கலாமா? இரவில்தான் குடும்பம் முழுவதும் சேர்ந்திருக்கும், ஆனால் பட்டினிக்காரருக்கு இரவுச் சாப்பாடுதான் அதிகப் பயம். இரவில் சாப்பிட்டால் அப்படியே கொழுப்பாகிவிடும் என்று யாரோ சொல்லி வைத்திருப்பார்கள். மத்தியானம் பலர் வேலையிடத்தில் இருப்பார்கள், கண்ணில் படாது. நான் காலையைத் தெரிவு செய்வேன். நீண்ட பட்டினிக்குப் பிறகு வயிறு ஏற்கிற சாப்பாடு காலையில் எங்களிடம் இருக்கிறது. முசுட்டையோ வல்லாரையோ போட்டுக் கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்ட இலைக்கஞ்சி ஒரு கோப்பை. சில நாட்களில் அதோடு அவித்த முட்டை ஒன்று. அடுத்த வாரம் குரக்கன் பிட்டோ, பயறு அவித்ததும் தேங்காய்ப்பூவுமோ. காலையில் சாப்பிட்டவருக்கு மாலை ஐந்து மணிக்கு அந்தக் கட்டுக்கடங்காத பசி வராது. இரவில் பிஸ்கற் பெட்டியைத் தேடுகிற நிலை தானாகக் குறைவதைப் பார்க்கலாம். அந்த நிம்மதியை அவள் தன் உடம்பில் உணர்ந்த பிறகு மற்ற நேரங்களைச் சேர்ப்பது சுலபம்.

விரதம் பற்றியும் ஒரு சொல். கந்தசட்டி ஆறு நாளும் கேதாரகௌரி இருபத்தொரு நாளும் பிடிக்கிற ஊர் இது. பட்டினி டயற்றுக்கு விரதம் நல்ல மறைப்பாகிவிடுகிறது. அம்மாவும் கேட்கத் தயங்குவார். விரதத்துக்குப் பாறணை இருக்கிறது. முடிவு நாள் தெரியும், அன்று வீடே சேர்ந்து சாப்பிடும். டயற்றில் பாறணையே இல்லை. ஒவ்வொரு வெள்ளியோடும் செவ்வாயும் சேர்ந்து, பிறகு சனியும் சேர்ந்தால் அது கடவுளுக்கான விரதம்தானா என்று அன்பாகக் கேட்கலாம். மீளுகிற காலத்தில் முழுப் பட்டினி விரதத்துக்குப் பதில் மரக்கறிச் சாப்பாட்டோடு பிடிக்கலாம். உடம்பு முடியாதவருக்கு அந்தச் சலுகை எப்போதும் இருந்திருக்கிறது.

கிளினிக் என்ன தரும், என்ன தராது

வன்னியில் போசணை நிபுணரைப் பார்ப்பதென்றால் பலருக்கு அது ஒரு நாள் வேலை. முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஏ35 வீதியால் பஸ் பிடித்து மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்று திரும்ப வேண்டும். அப்படிப் போனால் ஒரு தெளிவான படம் கிடைக்கும்: குருதிச்சோகை இருக்கிறதா, தைரொயிட்டில் பிரச்சினையா, நிறை எங்கே நிற்க வேண்டும். ஆனால் அவளோடு இருந்து சாப்பிடுவதற்குக் கிளினிக்கில் யாரும் இல்லை. அது வீட்டின் வேலைதான். அதனால்தான் இதை மாற்று வழியென்று சொல்லாமல் பக்கத்துணை என்று சொன்னேன்.

நெருக்கமாக இருக்கிறவர் உங்கள் பிரிவின் குடும்பநல மாது. அவரைக் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமானவர் என்று நினைக்க வேண்டாம். புதிதாகக் கலியாணம் செய்கிறவர்களுக்குக் கர்ப்பத்துக்கு முன்னான ஆலோசனை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையூடாக நடக்கிறது. நிறை, குருதிச்சோகை பார்ப்பதும் போலிக் அமிலக் குளிசை கொடுப்பதும் அதில் அடங்கும். கலியாணப் பொம்பிளையை அங்கே கூட்டிப்போவதற்கு டயற் என்ற சொல்லையே எடுக்க வேண்டியதில்லை. பிள்ளை பெறப் போகிற உடம்பு என்று ஒரு மாது எடுத்துச் சொல்லும்போது அது வேறு மாதிரிக் காதில் விழும்.

வீட்டில் சொல்லக்கூடாதவையும் சில. "மெலிஞ்சு வடிவா வந்திட்டாய்" என்ற பாராட்டும் "கொழுத்திட்டாய்" என்ற குத்தலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன; இரண்டையும் நிறுத்துங்கள். தராசை அலுமாரிக்கு மேலே தூக்கி வையுங்கள். வெளிநாட்டு மாமிக்கு முன்கூட்டியே தொலைபேசி எடுத்து, வரும்போது உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லாதீங்கோ மாமி என்று ஒரு பெரியவர் சொல்லிவிடுவது நல்லது. அதைப் பெரியம்மா சொன்னால்தான் எடுபடும், நாங்கள் சொன்னால் மரியாதையில்லை என்று ஆகிவிடும்.

ஆளுக்கு ஆள் தெரிவு மாறும் என்பதும் உண்மை. பள்ளிக்கூடப் பிள்ளை என்றால் பானையை மாற்றுவதோடு உடனே வைத்தியரையும் பாருங்கள். மருந்து எடுக்கிற அப்பா என்றால் வைத்தியர் முதலில், பானை பிறகு. ஜிம்முக்குப் போகிற தம்பிக்குக் கொஞ்சம் கணக்குச் சேர்த்தாலும் குற்றமில்லை. கலியாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது, இப்போது என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இது: இந்த மாதத்தில் மெலிய வேண்டாம். மூன்று நேரமும் அளவாகச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, மாலையில் குளக்கட்டில் அரை மணித்தியாலம் நடந்தால் முகமும் தோலும் தெளியும். பிளவுஸ் தைக்கிறவரிடம் இப்போதே சொல்லி, உள்தையலில் இரண்டு பக்கமும் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். கடைசி வாரம் போட்டுப் பார்த்துவிட்டுத் தேவையானால் பிரித்துக்கொள்ளலாம்.